தண்ணீர் குளிரா என்று கேளுங்கள்



குறிகாட்டுவான் துறையில் படகுக்காகக் காத்திருக்கும்போது ஒரு விடயத்தை நீங்களும் கவனித்திருப்பீர்கள். வரிசையில் நிற்கும் பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்காவது வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருக்கும், அல்லது ஒரு சகோதரி இருப்பாள். "மகள் எங்கே?" என்று கேட்டால் உடனே பதில் வரும். "சுவிஸ்", "கனடா", "பிரான்ஸ்", "லண்டன்". "எப்படி இருக்கிறா?" என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. "சுகமாய் இருக்கிறா." அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால்தான் திண்டாட்டம். காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறாள், என்ன சாப்பிடுகிறாள், யாரோடு கதைக்கிறாள், எதைக் கண்டு சிரிக்கிறாள் என்பவை எங்களில் பலருக்குத் தெரியாது. நாங்கள் கேட்பதுமில்லை.

இந்த மாதம் அப்படியொரு தாயையும் மகளையும் பற்றி உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். இருவரும் சம்மதம் தந்த பின்னரே எழுதுகின்றேன். பெயர்கள் வேண்டாம் என்று இருவருமே சொன்னார்கள். அம்மா, மகள் என்றே சொல்லிக்கொண்டு போகின்றேன்.

அம்மா நயினாதீவில் இருக்கின்றார். எங்களுடைய மாதாந்த மகளிர் வட்டத்துக்குத் தவறாமல் வருபவர். மகள் 1995 இல் பிறந்தவள். அவளுக்கு ஒரு வயது நிரம்பிய சில மாதங்களில் கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கடலில் எப்போது இறங்கலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கெல்லாம் தடைகள் இருந்த காலம் அது. அந்தத் தாய் ஒடியல் காயவைத்து, பினாட்டு விற்று, கோயில் திருவிழாக் காலத்தில் பனையோலைப் பெட்டிகள் இழைத்து விற்று மகளைப் படிப்பித்தார். 2019 இல் மகள் திருமணம் செய்து சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்துக்குப் போனாள்.

ஆறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாயும் மகளும் வாரம் இரண்டு முறையாவது கதைத்து வந்தார்கள். கடந்த ஆடி மாதம் அது திடீரென நின்றுபோனது. மகள் எடுத்தால் அம்மா தூக்குவதில்லை. "வேலையாய் இருந்திட்டன்" என்று இரண்டு சொல்லில் குரல் பதிவு மட்டும் போகும். மகள் அழுதுகொண்டு என்னிடம் கதைத்தாள். "அக்கா, அம்மாவுக்கு ஏதும் வருத்தமோ? எனக்கு மறைக்கினமோ?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு உடலில் வருத்தம் எதுவும் இருக்கவில்லை. மகள் அனுப்பிய ஒரு வீடியோதான் காரணம். நாற்பது விநாடி வீடியோ. அதில் மகள் ஒரு பெரிய நீச்சல் தடாகத்தில் நீந்துகிறாள். முழங்கால் வரையும் முழங்கை வரையும் மூடிய நீச்சல் உடை. கரைக்கு வந்து, மூச்சு வாங்க, வாய் நிறையச் சிரித்து, "அம்மா, பாத்தியளோ, நான் நீந்துறன்!" என்கிறாள். அவ்வளவுதான்.

அந்த நாற்பது விநாடி அயலில் இரண்டு மூன்று கைத்தொலைபேசிகளுக்குப் போயிருக்கிறது. "தாய் இஞ்சை தனிய ஓலை கிழிக்குது, மகள் அங்கை கும்மாளம் அடிக்கிறாள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். "உடுப்பைப் பார்" என்று இன்னொருவர். அம்மாவின் மனதில் அடைத்துக்கொண்டது வேறு விடயம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அதைக் கடைசியில் சொல்கின்றேன்.

மகளிடம் நான் ஒன்று கேட்டேன். "நீ எனக்கு உன்ரை ஒரு கிழமையைச் சொல்லு. ஒன்றையும் மறைக்க வேண்டாம், ஒன்றையும் கூட்டவும் வேண்டாம்." அவள் சொன்னதை இங்கே தருகின்றேன். வெளிநாட்டில் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொரு தாயும் இதனை அறிந்திருப்பது நல்லது.

அவளுடைய ஒரு நாள்

விடியப்புறம் 4.45 இற்கு எழும்புகிறாள். பனிக்காலத்தில் காலை எட்டு மணி வரையும் இருட்டுத்தான். கணவன் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்துவிட்டு நள்ளிரவில் வந்து படுத்திருப்பார். அவரை எழுப்பாமல், விளக்கைப் போடாமல், சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் போடுகிறாள். முதல் ட்ராமில் ஏறி ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்யப் போகிறாள். எட்டரைக்கு அந்த வேலை முடியும். கிழமையில் மூன்று நாள் அதன் பிறகு முதியோர் இல்லம் ஒன்றில் உதவி வேலை. மற்ற நாட்களில் டொச் மொழி வகுப்பு. பேர்ணில் வகுப்பில் படிக்கும் டொச் ஒன்று, தெருவில் கேட்கும் சுவிஸ் டொச் வேறொன்று. "வகுப்பிலை நான் கெட்டிக்காரி அக்கா, கடையிலை நான் மோட்டுப்பிள்ளை" என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

1983 கலவரத்துக்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் பெருந்தொகையாகச் சுவிஸுக்குப் போகத் தொடங்கினார்கள். முதலில் போனவர்களில் பெரும்பாலானோர் இளம் ஆண்கள். உணவகங்களில் கோப்பை கழுவி, சமையற் கட்டில் உதவி செய்து வாழ்க்கையைத் தொடங்கினார்கள். பெண்கள் பெரும்பாலும் பின்னர், திருமணமாகியோ குடும்பத்தோடு சேரவோ போனவர்கள். இன்று அங்கே சுமார் 50,000 தமிழர்கள் வாழ்வதாகக் கணிக்கப்படுகிறது. தீவகத்தவர்கள் அதில் கணிசமானவர்கள். தீவகம் படையினர் வசமானபோது ஊர்கள் வெறுமையாகின. வேலணையும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கடல் கடந்தும் சிதறின. அந்தச் சிதறலின் ஒரு முனைதான் பேர்ண் நகரத்து ட்ராமில் விடியப்புறம் இருக்கும் இந்தப் பிள்ளை.

அவளுடைய சின்னச் சந்தோசங்கள்

கஷ்டங்களை அவள் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டாள். சந்தோசங்களைச் சொல்லும்போதுதான் குரல் மாறியது.

முதலாவது, பனி. போன வருடத்துக் குளிர் காலத்தில் முதற் பனி விழுந்ததைக் கண்டு, சமையலறையிலிருந்து சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாளாம். "அரிச்ச மாவைக் கொட்டின மாதிரி இருந்தது அக்கா. பிட்டுக் குழைக்கலாம் போலை." பக்கத்து வீட்டுக் கிழவி யன்னலால் பார்த்துக் கை தட்டினாராம்.

இரண்டாவது, உடுப்புத் தோய்க்கும் நாள். சுவிஸில் பல அடுக்குமாடி வீடுகளில் தோய்க்கும் இயந்திரம் நிலக்கீழ் அறையில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான இடங்களில் தோய்க்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. முதல் மாதங்களில் அந்த அறைக்குப் போகவே பயந்தாளாம். யாரோ எழுதி ஒட்டிய துண்டொன்றை வாசிக்கத் தெரியாமல் படம் பிடித்துக் கணவருக்கு அனுப்பியிருக்கிறாள். இப்போது அவளே துண்டு எழுதி ஒட்டுகிறாள். ஊரில் கிணற்றடியில் நடக்கும் கதை பேச்செல்லாம் அங்கே அந்த நிலக்கீழ் அறையில்தான் நடக்கிறதாம். எரித்திரியா நாட்டுப் பெண்ணொருத்தி அவளுக்குக் கோப்பி வறுத்து இடித்துக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். இவள் திருப்பி வடை கொடுத்திருக்கிறாள்.

மூன்றாவது, பல்கனி. நான்கு சாடிகள். வெந்தயக் கீரை, பச்சை மிளகாய், புதினா, ஒரு கறிவேப்பிலைக் கன்று. கறிவேப்பிலையைக் கோடையில் வெளியிலும் பனிக்காலத்தில் யன்னலோரத்திலும் வைத்து ஒரு குழந்தையைப்போலத் தூக்கித் திரிகிறாள். பேர்ண் நகரத்தில் வீடுகள்தோறும் யன்னலில் சிவப்புப் பூச்சாடி தொங்கும். இவளுடைய பல்கனியில் மாத்திரம் மிளகாய் சிவந்து தொங்குகிறது.

நான்காவது, அவளுடைய பெயரிலுள்ள வங்கி அட்டை. முதற் சம்பளம் வந்த அன்று, ஒன்றும் வாங்காமல், இயந்திரத்தில் அட்டையைப் போட்டு மீதியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாளாம். "என்ரை பேரிலை ஒரு கணக்கு. அம்மாவின்ரை பேரிலை எண்டைக்கும் ஒரு கணக்கு இருந்ததில்லை."

ஐந்தாவது, கோயில். பேர்ணில் 2014 மார்கழியில் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லம் என்றொரு கட்டடம் இருக்கிறது. அதற்குள் சைவக் கோயில், பள்ளிவாசல், கிறிஸ்தவ தேவாலயம், பௌத்த நிலையம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வெள்ளைக்காரர் அதைப் புதினமாகப் பார்க்கிறார்களாம். "எனக்கு என்ன புதினம் அக்கா? நாகபூசணி அம்மன் கோயிலிலையிருந்து நடந்து போனால் நாகவிகாரை. மணிச்சத்தமும் பிரித்தும் கேட்டுத்தானே நான் வளர்ந்தனான்." அங்கே கற்பூர வாசம் வரும்போது, ஆனித் திருவிழாவில் தாயோடு பனையோலைப் பெட்டி விற்ற நினைவு வருமாம்.

ஒரு பாட்டியும் ஒரு வாக்கும்

முதியோர் இல்லத்தில் அவள் பார்த்துக்கொள்ளும் ஒரு மூதாட்டிக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஒருநாள் தலை வாரிவிடும்போது அந்த மூதாட்டி கேட்டாராம், "உன்னுடைய நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை இருக்கிறதா?" என்று. தான் முப்பது வயதைத் தாண்டித்தான் நாட்டின் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்ததாகவும் சொன்னாராம்.

சகோதரிகளே, அது உண்மை. சுவிற்சர்லாந்தில் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை 1971 மாசி 7 ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பின் மூலமே கிடைத்தது. அந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டும். அப்பென்செல் இன்னர்றோடன் என்ற சிறிய மாநிலத்தில் மாநில விடயங்களில் பெண்கள் வாக்களிக்க 1990 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இலங்கையில் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 ஆம் ஆண்டே ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. எங்கள் பூட்டிமாருக்கு 40 ஆண்டுகள் முன்னரே கிடைத்த உரிமை. ஆனால் 1931 தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. ஊர்காவற்றுறைத் தொகுதி உட்பட நான்கு தொகுதிகளில் வாக்களிப்பே நடைபெறவில்லை. அந்த இடங்களுக்கு 1934 இல்தான் தேர்தல் நடந்தது.

மகள் இதையெல்லாம் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து, தனது அரைகுறை டொச்சில் மூதாட்டிக்குச் சொல்லியிருக்கிறாள். மூதாட்டி அவளுடைய கையைப் பிடித்து, "அப்படியானால் நீதான் எனக்குப் படிப்பிக்க வேண்டும்" என்றாராம். அன்றிலிருந்து அந்த இல்லத்தில் அவள் தலை நிமிர்ந்து நடக்கிறாள். இப்போது சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் பராமரிப்பு உதவியாளர் பாடநெறியைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சான்றிதழ் கிடைத்தால் விடியப்புறத் துப்புரவு வேலையை விடலாம் என்பது அவளுடைய கணக்கு.

சமூகவியல் படித்தபோது, புலம்பெயர்ந்தவர்கள் தமது சொந்த ஊரின் அறிவைப் புதிய ஊரில் ஒரு முதலாகப் பயன்படுத்துகிறார்கள் என்று புத்தகத்தில் வாசித்தேன். அன்று அது ஒரு பரீட்சைக் கேள்வி. ஒரு மூதாட்டியின் தலைமயிரை வாரிக்கொண்டே ஊர்காவற்றுறைத் தொகுதியின் கதையைச் சொல்லும் இந்தப் பிள்ளையைக் கேட்டபோதுதான் அந்தப் பாடம் எனக்கு விளங்கியது.

தீவில் பிறந்தவளும் தண்ணீரும்

இனி அந்த நீச்சலுக்கு வருகின்றேன்.

நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. எங்களில் எத்தனை பெண்களுக்குத் தெரியும்? ஆண் பிள்ளைகள் துறையில் குதிப்பார்கள். பெண் பிள்ளைகள் கணுக்கால் நனைய நிற்போம். "பெட்டைக்கு என்ன நீச்சல்" என்று ஒரு சொல். அதற்கு மேலே கடற்படை, கண்ணிவெடி, தடை. நெடுந்தீவுப் பெண்கள் குமுதினியை மறக்க மாட்டார்கள். 1985 வைகாசி 15 ஆம் திகதி அந்தப் படகில் வந்த எமது சனங்கள், குழந்தைகள் உட்பட, கடலின் நடுவில் கொல்லப்பட்டார்கள். எமக்குக் கடல் என்பது சோறு போட்ட தாய். ஆனால் அதைப் பார்த்துப் பயப்படுவதற்கும் எமக்கு நிறையக் காரணங்கள் இருக்கின்றன.

கடற்கரையே இல்லாத நாடு சுவிற்சர்லாந்து. அங்கே ஆரே என்னும் பச்சை நிற ஆறு பேர்ண் நகரத்தைச் சுற்றி வளைந்தோடுகிறது. கோடையில் வேலை முடிந்த சனங்கள் உடுப்பை ஒரு பையில் கட்டிக்கொண்டு அந்த ஆற்றில் மிதந்து வீட்டுக்குப் போவார்களாம். இவள் முதற் கோடையில் பாலத்தில் நின்று அதைப் பார்த்து அழுதிருக்கிறாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு ஒருநாள், உடுப்புத் தோய்க்கும் அறையில் பழக்கமான எரித்திரியாப் பெண் பெண்களுக்கான நீச்சல் வகுப்பொன்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். இருவரும் சேர்ந்து போனார்கள். உள்ளகத் தடாகத்தில், இடுப்பளவு தண்ணீரில், முதல் மூன்று வாரமும் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே முடியவில்லை. "தண்ணிக்குள்ளை கண்ணைத் திறந்தால் அப்பா தெரிவாரோ எண்டு பயமாய் இருந்தது அக்கா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாவது வாரம் மிதந்தாள். அடுத்த கோடையில் மார்சிலி என்னும் பொது நீராடுமிடத்துத் தடாகத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீந்தினாள். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. கணவன் ஓய்வு நாளில் வந்து வீடியோ எடுத்தார். ஆற்றில் அவள் இன்னும் இறங்கவில்லை. வேகமான ஆறு, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது என்பது அவளுக்குத் தெரியும்.

தன் வாழ்வின் மிகப் பெரிய வெற்றி என்று நினைத்ததைத்தான் அவள் தாய்க்கு அனுப்பினாள். அதற்குத்தான் பதில் வரவில்லை. அதன் பிறகு அவள் எந்தச் சந்தோசத்தையும் ஊருக்கு அனுப்பவில்லை. காசை அனுப்பினாள். "சுகம்" என்று எழுதினாள்.

மறைக்கப்படும் சந்தோசம்

சகோதரிகளே, இங்கே நான் என்னைப் பற்றியும் ஒரு விடயம் சொல்ல வேண்டும். எனக்கும் பாரிஸில் ஓர் அக்கா இருக்கிறா. பல ஆண்டுகளாக அவவிடம் நான் கேட்டதெல்லாம் மூன்றே கேள்வி. சுகமோ? எப்ப வாறியள்? அதுக்கு எவ்வளவு அனுப்பலாம்? ஒருநாள் அவ தன் வீட்டு யன்னலில் புறா குஞ்சு பொரித்ததைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா. "அக்கா, பிறகு கதைப்பம், எனக்குக் கூட்டமிருக்கு" என்று வைத்துவிட்டேன். பின்னர் அந்தக் குஞ்சுகள் என்ன ஆனது என்று கேட்க எனக்கு ஞாபகமே வரவில்லை. ஊரெல்லாம் போய் "மனம் திறந்து கேளுங்கள்" என்று வகுப்பு எடுக்கும் நான்தான் அப்படிச் செய்தேன்.

ஒரு காலத்தில் எமக்குக் குரல் கேட்பதே பெரிய பாக்கியம். 1990 களில் செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்தித் தாளில் நாலு வரி எழுதி அனுப்பி மாதக்கணக்காகக் காத்திருந்தோம். போர் நிறுத்தம் வந்த 2002 இற்குப் பிறகு தொலைத்தொடர்பு நிலையங்களில் வரிசையில் நின்று, நிமிடத்துக்குக் காசு கொடுத்துக் கதைத்தோம். அந்த நாலு வரிக்குள், அந்த மூன்று நிமிடத்துக்குள், முக்கியமானதை மட்டும் சொல்லப் பழகிவிட்டோம். உயிரோடு இருக்கிறம். காசு வந்தது. காணி விடயம் இப்படி. இன்று வட்ஸ்அப்பில் மணிக்கணக்காகக் கதைக்கலாம். ஆனாலும் அந்தச் செஞ்சிலுவைத் தாளின் நாலு வரியைத்தான் நாங்கள் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பழக்கமும் எம்மிடம் இருக்கிறது. எம்மைச் சுற்றி இழப்பு இருக்கும்போது சிரிப்பது குற்றம் போல ஒரு நினைப்பு. கணவனை இழந்தவர், பிள்ளையைத் தேடுபவர், வீடில்லாதவர் என்று சூழ இருக்கையில், "நான் இன்று ஐஸ்கிறீம் குடித்தேன்" என்று எப்படிச் சொல்வது? 2022 இல் இங்கே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோது வெளிநாட்டுக் காசுதான் பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது. அந்தக் காசை அனுப்பிய பிள்ளைகள் தமது சந்தோசத்தை ஒளித்துத்தான் அனுப்பினார்கள். பிள்ளை கஷ்டத்தை மறைக்கிறாள், நாங்கள் கவலைப்படுவோம் என்று. சந்தோசத்தையும் மறைக்கிறாள், நாங்கள் குறை சொல்வோம் என்று. இரண்டையும் மறைத்தால் மிஞ்சுவது "சுகம்" என்ற ஒரு சொல் மட்டுமே.

அந்தச் சொல்லை நம்பி இருக்க முடியாது. எங்கள் வட்டத்தில் இன்னொரு தாய் இருக்கிறார். அவருடைய மகளும் திருமணமாகி வெளிநாடு போனவள்தான். அழைப்பெடுத்தால் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் கதைப்பாள். பக்கத்தில் யாராவது இருப்பார்கள். "சுகம் அம்மா." கடைக்குப் போனாளா, யாரையாவது சந்தித்தாளா, என்ன சமைத்தாள் என்று எதுவும் வராது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அவளுடைய கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் வேறொருவர் கையில் பூட்டியிருந்தன என்று. வீட்டுத் திறப்புக்கூட அவளிடம் இருக்கவில்லை. சின்னச் சின்ன விடயங்களைக் கேட்கும் பழக்கம் எமக்கு இருந்திருந்தால், அவை இல்லாமற் போனதை நாங்கள் முதல் மாதமே கண்டுபிடித்திருப்போம்.

தெரிந்து வைத்திருக்க வேண்டியவை

உங்கள் மகளோ சகோதரியோ திருமணமாகி வெளிநாடு போவதாயின் சில விடயங்களைப் போகுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

கடவுச்சீட்டு, திருமணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகள் உங்களிடமும் இருக்கட்டும். மூலப் பத்திரங்கள் அவளுடைய கையிலேயே இருக்க வேண்டும்.

மொழியை இங்கேயே தொடங்கட்டும். சுவிஸில் 2019 இலிருந்து, வதிவிட அனுமதியுள்ள துணையோடு சேரப் போகும் வெளிநாட்டவர் அங்குள்ள மொழியில் ஆரம்ப நிலைப் பேச்சறிவைக் காட்ட வேண்டும், அல்லது வகுப்பில் பதிந்திருக்க வேண்டும். இதைச் சுமையாக நினைக்க வேண்டாம். மொழி தெரிந்தவள் தானே கடைக்குப் போவாள், தானே வைத்தியரோடு கதைப்பாள்.

"பிரிந்தால் உன்னை உடனே நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள்" என்று பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். சுவிஸ் சட்டத்தில், சேர்ந்து வாழ்ந்த திருமண வாழ்வு 3 ஆண்டுகளாவது நீடித்திருந்து, அந்தப் பெண் மொழி, வேலை என அங்கு ஊன்றத் தொடங்கியிருந்தால், பிரிந்த பின்னரும் அனுமதியை நீடிக்கும்படி கேட்கலாம். 3 ஆண்டுகள் ஆகாவிட்டாலும் வீட்டு வன்முறைக்கு ஆளானவர் அதனைக் காரணமாக முன்வைத்துக் கேட்கலாம். மற்ற நாடுகளில் சட்டம் வேறுபடும். அந்தந்த நாட்டில் விசாரித்து அறிய வேண்டும். சுவிஸில் பொலிஸ் 117, நோயாளர் வண்டி 144, மனப்பாரத்தைச் சொல்ல 143. வன்முறைக்கு ஆளானவர்களுக்கான ஆலோசனை நிலையங்களில் இலவசமாகவும் இரகசியமாகவும் உதவி பெறலாம். இங்கே இலங்கையில் பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

கதைக்கும் நேரத்தையும் அறிந்திருங்கள். இங்கே மாலை 6 மணியென்றால் சுவிஸில் கோடையில் பிற்பகல் 2.30, பனிக்காலத்தில் 1.30. விடியப்புறம் 4.45 இற்கு எழும்பும் பிள்ளையை நித்திரை கொள்ள விடுங்கள். கிழமையில் ஒரு தடவையாவது அவள் தனியாக இருக்கும் நேரத்தில் கதையுங்கள்.

காசைப் பற்றிக் கேட்கும் நாளில் காசைக் கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் வேறொரு நாளில் வேறு ஏதாவது கேளுங்கள். இன்று என்ன கண்டாய்? யார் உன்னைச் சிரிக்க வைத்தது? கறிவேப்பிலை தளிர்த்ததோ? அவளுடைய சந்தோசத்தை அயலுக்குக் காட்டுவதா இல்லையா என்பதை அவளிடமே கேளுங்கள்.

அம்மா சொன்னது

புரட்டாதியில் மகளிர் வட்டத்துக்காக நயினாதீவு போனபோது, கூட்டம் முடிந்த பின் அம்மாவோடு அவருடைய வீட்டுத் திண்ணையில் இருந்தேன். ஓலை வார்ந்துகொண்டிருந்தார். அயலவரின் கதையால் வந்த கோபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"உடுப்பைப் பற்றி எனக்கொண்டுமில்லைப் பிள்ளை" என்றார். "அவள் தண்ணிக்குள்ளை தலையைத் தாக்கிறாள். அந்த இடத்திலை நான் வீடியோவை நிப்பாட்டிப் போட்டன். மிச்சத்தை நான் பாக்கேல்லை. இண்டைக்கு வரைக்கும் பாக்கேல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மகள் கரைக்கு வந்து சிரித்ததை அந்தத் தாய் காணவே இல்லை. கடலுக்குள் போன ஒருவரைக் காத்திருந்த கண், தலை தண்ணீருக்குள் மறைந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கதைத்தால் அழுதுவிடுவேன் என்ற பயத்தில்தான் அவர் தொலைபேசியைத் தூக்கவில்லை.

"மிச்சத்தைப் பாப்பமோ அம்மா?" என்று கேட்டேன். ஓலையைக் கீழே வைத்தார். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வீடியோவைப் போட்டேன். தலை தாழ்ந்தது. என் கையில் நகம் பதிந்தது. தலை மேலே வந்தது. கரை வந்தது. "அம்மா, பாத்தியளோ, நான் நீந்துறன்!"

திரும்பப் போடச் சொன்னார். நாலாவது தடவை பார்த்த பிறகு, "காலை வடிவாய் அடிக்கிறாள். தேப்பன்ரை கால்" என்றார்.

அப்போது பேர்ணில் பிற்பகல் நேரம். அழைப்பெடுத்துக் கொடுத்தேன். மகள் "அம்மா" என்றாள். இந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு அம்மா கேட்டார்:

"பிள்ளை, உந்தத் தண்ணி குளிரோ?"

மகள் சொல்லத் தொடங்கினாள். நான் படகுக்கு நேரமாகிவிட்டதென்று சைகை காட்டிவிட்டு எழும்பி வந்தேன். திண்ணையிலிருந்து வந்த கதைச் சத்தம் ஒழுங்கையின் முடிவு வரைக்கும் கேட்டது.

அன்றிரவு வீட்டுக்கு வந்து பாரிஸிலிருக்கும் அக்காவுக்கு அழைப்பெடுத்தேன். புறாக் குஞ்சுகள் என்ன ஆனது என்று கேட்டேன். "உனக்கு இப்பத்தான் ஞாபகம் வந்ததோ?" என்று சிரித்துவிட்டு, முக்கால் மணித்தியாலம் கதைத்தா.

கடைசியாக ஒன்று. எங்கள் வட்டத்திலுள்ள இரண்டு இளம் தாய்மார், தமது பெண் பிள்ளைகளுக்கும் நீச்சல் பழக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். படகில் ஏறித்தான் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய எமது தீவுகளில் இது ஆடம்பரமல்ல, அவசியம். யாரிடம் கேட்கலாம், எங்கே பழக்கலாம் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படியொரு எண்ணம் இருந்தால் எழுதுங்கள். உங்கள் மகளின் சின்னச் சந்தோசம் ஒன்றையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி